சிறப்பாசிரியரும் மேலதிகக் கடமைகளும்



பாடசாலை ஒன்றின் நேரசூசியைக் கூர்ந்து நோக்கின் அதில் இருவகை ஆசிரியர்களைக் காணலாம். ஒரு சாரார் மொழி, கணிதம், விஞ்ஞானம் முதலிய பாடங்களைக் கற்பிப்போர். அவர்களுடைய பெயர் கட்டந்தோறும் நிறைந்திருக்கும். மற்றொரு சாரார் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், மனையியல், விவசாயம், உடற்பயிற்சி என்னும் பாடங்களுக்கென்றே நியமிக்கப்பட்டோர். அவர்களுடைய பெயருக்கு நேரே வெற்றுக் கட்டங்கள் பல கிடக்கும். அவ்வெற்றுக் கட்டங்களின் சரித்திரமே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

வெற்றுக் கட்டம் நெடுநேரம் வெற்றாகவே கிடப்பதில்லை. கணித ஆசிரியர் லீவில் நின்றால் அவருடைய வகுப்புக்குச் சங்கீத ஆசிரியை அனுப்பப்படுவார். இதனைப் பாடசாலைகளில் ‘ரிலீவ்’ என்பர். அதிதி ஒருவர் வருகிறார் என்றால் வரவேற்புப் பாடல் வேண்டும். பரிசளிப்பு விழா என்றால் மேடை சோடிக்கச் சித்திர ஆசிரியர் வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் உடற்கல்வி ஆசிரியர் ஒரு மாதம் மைதானத்திலேயே வாசஞ்செய்வார். வாணி விழா, ஒளி விழா, தமிழ்த்தினப் போட்டி என ஆண்டு முழுவதும் இக்கடமைகள் தொடர்ந்து வரும். இவை எவ்வாறு தோன்றின? இவை எல்லாம் தீயனவா? தீயன அல்லவெனின் எங்கே எல்லை இடுவது? இவ்வினாக்களுக்கு விடைகாணச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நம் முன்னோர் கண்ட திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சிறப்பாசிரியர் என ஒருவர் இருக்கவில்லை. சட்டம்பியார் ஒருவரே எல்லாம். அரிச்சுவடி தொடங்கி எண்சுவடி, நிகண்டு வரை அவரே கற்பித்தார். கோயிலிற் புராணத்துக்குப் பயன் சொல்வதும், ஊரவருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், நாள் பார்த்துச் சொல்வதும் பல இடங்களில் அவருடைய பணியாகவே இருந்தன. ஆயினும் அவற்றை எவரும் மேலதிகக் கடமை என்று சொல்லவில்லை. ஏனெனில் அவருக்கும் ஊருக்கும் இடையே எழுதாத ஓர் உடன்பாடு இருந்தது. அவர் செய்த ஒவ்வொரு பணிக்கும் நெல்லாகவோ காய்கறியாகவோ விசயதசமித் தட்சிணையாகவோ ஊர் கைம்மாறு செய்தது. செய்தவர் யார் என்பதும் செய்தது என்ன என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தன.

அப்பள்ளியில் மூத்த மாணாக்கன் இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனைச் சட்டாம்பிள்ளை என்பர். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை 1789 முதல் 1796 வரை நடத்திய அந்திரு பெல் என்னும் ஸ்கொத்துலாந்துப் பாதிரியார் இம்முறையைத் தம் விடுதியிற் கையாண்டு, 1797இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஓர் ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் அரசினருக்கும் சபையினருக்கும் இனித்தது. ஆசிரியரின் தொகையைச் சுருக்கி அவருடைய வேலையைப் பெருக்குவது சிக்கனம் என்ற கொள்கைக்கு இது ஒரு பழைய சான்றாகும்.

1816இல் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி நிறுவப்பட்டது. 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கிற்று. வாசிப்போடும் எழுத்தோடும் தையலும் அங்கே கற்பிக்கப்பட்டது. நம் நாட்டுப் பெண் கல்வியில் தனித் திறமை வேண்டிய பாடமொன்று பாடசாலைக்குள் நுழைந்த முதற் சந்தர்ப்பங்களுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம். மிசன் பாடசாலை ஆசிரியரோ வகுப்போடு நின்றவரல்லர். ஞாயிற்றுக்கிழமையிற் பிள்ளைகளை ஆராதனைக்கு அழைத்து வருவதும் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது. ஆசிரியருடைய நேரம் வகுப்பறைக்கு வெளியேயும் பாடசாலை நடத்துவோருக்கு உரியது என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றிற்று.

அடுத்து வந்த மாற்றமே நம் பொருளுக்கு மிக முக்கியமானது. 1869இல் இலங்கையில் வித்தியா பகுதி என்னும் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதனையடுத்து உதவிபெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றுக்கேற்ப நன்கொடை வழங்கும் முறை வந்தது. இங்கிலாந்தில் 1862இற் புகுத்தப்பட்ட முறையே இங்கும் பின்பற்றப்பட்டது. வித்தியாதரிசி வருவார், பிள்ளைகளை நிறுத்தி வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றிற் சோதிப்பார், தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பணம் வரும். பணம் தரும் பாடம் பெரிய பாடம், பணம் தராத பாடம் சிறிய பாடம் என்ற பிரிவு அன்றே உண்டாயிற்று. அம்முறை பின்னர் ஒழிந்தது; ஆனால் அது ஏற்படுத்திய தராசு ஒழியவில்லை. இன்றும் பெற்றோர் பலர் ‘முக்கிய பாடம்’ என்று சிலவற்றைச் சொல்லி, மற்றவற்றை ‘மற்றப் பாடம்’ என்கின்றனர். ஒரு பாடம் மற்றப் பாடம் ஆகிவிட்டால் அதைக் கற்பிப்பவருடைய நேரமும் மற்றவர் எடுத்தாளும் நேரமாகிவிடுகிறது. வெற்றுக் கட்டத்தின் பிறப்பு இதுவே.

இதற்கு மறுதலையான ஓர் உதாரணமும் நம் சரித்திரத்தில் உண்டு. 1901ஆம் ஆண்டளவிற் பாடசாலைத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஆதரவோடு வித்தியா பகுதி இதனை நடத்திற்று. விதைகளும் கன்றுகளும் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டன. துறீபேக் என்பவர் பாடசாலைத் தோட்டங்களின் மேற்பார்வையாளராயிருந்தார். கிராமத்து ஆசிரியருக்கு இது முதலில் மேலதிகக் கடமையே. வகுப்பை முடித்துவிட்டு மண்வெட்டியை எடுக்கவேண்டியிருந்தது. எனினும் அக்கடமைக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அது அறிக்கைகளில் எழுதப்பட்டது. 1904இல் தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் காலத்தில் இலங்கை விவசாயச் சங்கம் தோன்றியபோது பாடசாலைத் தோட்டங்களும் அதன் முயற்சிகளோடு இணைந்தன. காலப்போக்கில் விவசாயம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அதற்கென ஆசிரியர் பயிற்றப்பட்டனர். ஆகவே மேலதிகக் கடமை ஒன்று எழுதப்பட்டும் மதிக்கப்பட்டும் வந்தால் அது ஒரு பாடமாகவே வளரலாம் என்பதற்கு இது சாட்சி.

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாங் காலிலிருந்து சிறப்பாசிரியர் என்னும் வகுப்பினர் மெல்ல உருவாயினர். சித்திரத்துக்கு 1920இல் வின்சர் என்னும் ஓவியர் கல்விப் பகுதியின் பரிசோதகராக வந்தார். அச்சொட்டாகப் பார்த்துக் கீறும் பழைய முறையை விட்டுப் பிள்ளையின் கற்பனைக்கு இடங்கொடுக்கவேண்டும் என்ற கருத்து அவர் காலத்திலும் அவருக்குப் பின் வந்த பீலிங் காலத்திலும் பரவிற்று. யாழ்ப்பாணத்தில் 1938இல் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை வின்சரின் பெயராலேயே ஓர் ஓவியர் கழகத்தை அமைத்தார். அதனாற் பயன் பெற்றோருட் சித்திர ஆசிரியர் பலர் இருந்தனர். பின்னர் 1959இற் சித்திர ஆசிரியரான அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினார். பெயரைக் கவனியுங்கள். விடுமுறையிலே நடந்த வகுப்பு அது! எவரும் அவரைப் பணிக்கவில்லை. யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்தின் சரித்திரத்தில் அக்கழகத்துக்கு அழியாத இடம் உண்டு.

சங்கீதத்திலும் இவ்வாறே. 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை நிறுவப்பட்டது. தரந்தரமாகப் பரீட்சை நடத்தி, ஆசிரியர் தரமும் அதற்கு மேற் கலாவித்தகர் பட்டமும் அது வழங்கிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சங்கீதபூஷணம் பட்டம் பெற்றுத் திரும்பியோரும் பாடசாலைகளிற் சேர்ந்தனர். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கிற்று. 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது.

நாடகத்துறையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராயிருந்து பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகள் நடத்தினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் 1962இற் கர்ணன் போரை மேடையேற்றியதை நேயர்கள் அறிவர். போட்டிகளின் பயனாக அண்ணாவிமார் பாடசாலைக்குள் வந்தனர். மாலை வேளைகளில் ஆசிரியர் அவர்களோடு கூடநின்று உழைத்தனர். 1976இற் கொழும்பிற் பல்கலைக்கழகமட்டத்தில் நாடகமும் அரங்கியலும் டிப்ளோமா வகுப்பு நடைபெற்றது. அதிற் பயின்ற குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். அவரும் பாடசாலை ஆசிரியராக இருந்தவரே.

இவற்றை ஏன் சொல்கிறேன் எனின், நம்முடைய கலை வரலாற்றின் பெரும்பகுதி ஆசிரியரின் மேலதிக நேரத்திலேதான் எழுதப்பட்டது என்பதை நினைவூட்டவே. ஆகவே மேலதிகக் கடமை முழுவதும் தீயது என்று எவரும் சொல்லமுடியாது. மேலே சொன்ன பணிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை பாடத்திலிருந்து முளைத்தன. மீண்டும் பாடத்தையே வளர்த்தன. சித்திர ஆசிரியர் கழகம் நடத்தியதாற் சித்திரம் வளர்ந்தது. இன்று நாம் காணும் கடமைகளுட் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

மாற்றம் எவ்வாறு வந்தது? 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்தோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மாணவர் தொகை பெருகிற்று. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின. 1972இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம் அழகியற் கல்வியையும் தொழின்முன்னிலைப் பாடங்களையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியனவாக்கிற்று. நோக்கம் மிக நல்லது. ஆனால் ஒவ்வொரு சிறு பாடசாலைக்கும் வேண்டிய ஆசிரியர் உடனே கிடைக்கவில்லை. கிடைத்த ஓரிருவர் பாடசாலை முழுவதற்கும் உரியவராயினர். பாடசாலை முழுவதற்கும் உரியவர், பாடசாலையின் எல்லா வேலைக்கும் உரியவராக எண்ணப்பட்டார். ‘மேலதிகாரி பணிக்கும் ஏனைய கடமைகள்’ என்ற பொருள்படும் வாக்கியம் ஒன்று போதியதாயிற்று.

யுத்தமும் இடப்பெயர்வும் இச்சுமையை இன்னும் கூட்டின. 1995 ஒக்தோபர் இறுதியில் வலிகாம மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோதும், 2004 டிசெம்பரிற் கடல்கோள் கிழக்கையும் வடக்கையும் தாக்கியபோதும் பாடசாலைகள் அகதி முகாம்களாயின. அப்போது பாடம் எது, கடமை எது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. ஆபத்துக் காலத்தின் தர்மம் அது. ஆனால் ஆபத்து நீங்கிய பின்னரும் ஆபத்துக் காலத்து வழக்கம் நின்றுவிடுகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சிற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. இணையவழிப் பாடங்களுக்குத் தகவல் தொழினுட்ப ஆசிரியரே கைகொடுத்தார். பாடசாலைகள் மீளத் திறந்தபின் வினாத்தாள் பதிப்பவரும், புள்ளிவிபரம் அனுப்புபவரும், பழுதான கணினியைத் திருத்துபவரும் பல இடங்களில் அவரே. நூறாண்டுக்கு முன் தோட்டம் பார்த்த ஆசிரியரின் இடத்தில் இன்று அவர் நிற்கிறார். ஆனால் தோட்டத்துக்கு இருந்த மேற்பார்வையும் பதிவும் இவருடைய பணிக்கு இல்லை.

‘வெற்றுக் கட்டம் இருப்பது உண்மைதானே, அதை நிரப்புவதில் என்ன பிழை?’ என்று சிலர் வினவுவர். கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். நாளொன்றுக்கு எட்டாகக் கிழமைக்கு 40 பாடவேளைகள். 6ஆம் வகுப்பு முதல் 11ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு பிரிவாக ஆறு வகுப்புகள் உள்ள ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். சங்கீதத்துக்கு வகுப்பொன்றுக்கு மூன்று பாடவேளை எனின் ஆசிரியைக்கு 18, எஞ்சுபவை 22. கணித ஆசிரியருக்கு வகுப்பொன்றுக்கு ஐந்தாக ஐந்து வகுப்பு எனின் 25, எஞ்சுபவை 15. பார்த்தவுடன் ஆசிரியை ஓய்வாயிருப்பதாகவே தோன்றும். ஆயினும் கணித ஆசிரியர் காண்பது ஐந்து வகுப்புப் பிள்ளைகளை. சங்கீத ஆசிரியை காண்பது ஆறு வகுப்புப் பிள்ளைகளை. கணிப்பீடும் புள்ளிப் பதிவும் பிள்ளையின் தொகைக்கேற்ப வருவனவேயன்றிப் பாடவேளையின் தொகைக்கேற்ப வருவன அல்ல. சுருதி சேர்ப்பதும், தனித்தனியே பாடக் கேட்பதும், செய்முறைப் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்செய்வதும் எந்தக் கட்டத்திலும் எழுதப்படுவதில்லை. இதற்கு மேல் நாளொன்றுக்கு இரண்டு ரிலீவ் வந்தால் கிழமைக்குப் பத்து. அவருடைய 18 பாடவேளை 28 ஆகிவிடும். அந்தப் பத்திலும் அவர் கற்பிப்பது சங்கீதம் அன்று. சத்தம் போடாமல் இருக்கச் செய்வதே.

இன்னொன்று இதிலும் கொடிது. ரிலீவ் வெற்றுக் கட்டத்தை நிரப்புவது. விழாவோ நிறைந்த கட்டத்தையும் வெறிதாக்குவது. நான் உதவி ஆசிரியனாயிருந்த பாடசாலை ஒன்றிற் சித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். விழாக்களுக்காகத் தமது பாடம் தடைப்பட்ட நாட்களை அவர் ஒரு சிறு கொப்பியிற் குறித்துவந்தார். ஒரு நாள் ஆசிரியர் அறையில் அக்கொப்பியை என்னிடம் காட்டி, “மாஸ்டர், மேடை கட்டுறது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் மேடை கட்டின நாளெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளையள் என்ன செய்ததுகள் எண்டு ஒருதரும் கேக்கேல்லை” என்றார். அவருடைய சொல்லிற் கோபம் இருக்கவில்லை, கணக்கு இருந்தது. பத்தாம் வகுப்பிற் சித்திரத்தைப் பரீட்சைப் பாடமாக எடுத்த பிள்ளைகளுக்கு அவரைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை.

இங்கேதான் நம் பொருளின் சாரம் இருக்கிறது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஊர்தோறும் தனியார் வகுப்புகள் உண்டு. பாடசாலையில் ஒரு பாடம் தவறினால் பிள்ளை அங்கே அதைப் பிடித்துக்கொள்ளும். சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் தனியே ஆசிரியர் வைக்க வசதியுள்ள குடும்பங்களாலேதான் முடியும். வயலினும் வீணையும் வாங்க எத்தனை பெற்றோரால் இயலும்? வறிய வீட்டுப் பிள்ளைக்கு நாதமும் நிறமும் கிடைக்கும் ஒரே இடம் பாடசாலையின் அந்த மூன்று பாடவேளைகளே. அவற்றை எடுத்து விழாவுக்குக் கொடுக்கும்போது, அப்பிள்ளையின் ஒரே வாய்ப்பை எடுத்து மேடைக்குத் தோரணமாகக் கட்டுகிறோம். இலவசக் கல்வியின் நோக்கத்துக்கே இது மாறானது.

ஓர் அதிபரின் இடரையும் நான் மறைக்கவேண்டியதில்லை. காலையில் நாலு ஆசிரியர் லீவு என்றால் நாலு வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரின்றி இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது போகத்தான் வேண்டும். விழா இன்றிப் பாடசாலையும் இல்லை. வரவேற்புப் பாடலுக்குச் சங்கீத ஆசிரியையை அழையாமல் கணக்காசிரியரை அழைக்கமுடியுமா? ஆகவே கடமையை ஒழிப்பது வழியன்று. ஒழுங்கு செய்வதே வழி.

முதலாவது, ரிலீவ் வெற்றுக் கட்டத்தைப் பார்த்து வழங்கப்படாமல் முறைவைத்து வழங்கப்படவேண்டும். வாரத்தில் இத்தனைக்கு மேல் ஒருவருக்கும் இல்லை என்ற வரம்பு, அதிபர் உட்பட எல்லோருக்கும் பொதுவாயின், முறுமுறுப்பு அடங்கும். இரண்டாவது, ரிலீவுக்குப் போகும் சித்திர ஆசிரியர் அங்கே சித்திரமே கற்பிக்கட்டும். காவல் நிற்பது ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இழப்பு. மூன்றாவது, ஆண்டுத் தொடக்கத்திலேயே விழாக்களை எழுதி, எந்த விழாவுக்கு யார், எத்தனை நாள் என்பதை ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானித்துச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் பதியவேண்டும். இழந்த பாடவேளை எது, அது எப்போது திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதும் அதில் இருத்தல் வேண்டும். 10ஆம், 11ஆம் வகுப்புகளின் பாடவேளையை எக்காரணங்கொண்டும் எடுத்தலாகாது. நான்காவது, சங்கீதக் குழு, சித்திரக் கழகம், நாடகப் பயிற்சி, விளையாட்டுப் பயிற்சி என்பன பாடத்திலிருந்து முளைப்பவை. அவற்றுக்குச் செலவாகும் மாலை நேரத்தைக் கற்பித்தல் நேரமாகவே கொண்டு, அதற்கீடாக ரிலீவைக் குறைக்கவேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் நடுநிலையான மனமும் போதும்.

சரித்திரம் நமக்குக் காட்டுவது இதுவே. திண்ணைப் பள்ளிச் சட்டம்பியார் பல வேலை செய்தார். ஊர் அதனை அறிந்திருந்தது. தோட்டம் வளர்த்த ஆசிரியர் மேலதிக வேலை செய்தார், அது எழுதப்பட்டது, எழுதப்பட்டதாற் பாடமாயிற்று. விடுமுறையில் ஓவியம் கற்பித்தவர் தாமே விரும்பிச் செய்தார். அதனால் ஒரு கலை மரபு உண்டாயிற்று. அறியப்படாமலும் எழுதப்படாமலும் விரும்பப்படாமலும் செய்யப்படும் கடமையே ஆசிரியரைச் சோர்வடையச் செய்கிறது. அவர் பாடத்தையும் தேய்க்கிறது.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பாடசாலை விழாவுக்குச் செல்லும்போது மேடையின் அழகைப் பாராட்டுங்கள். வரவேற்புப் பாடலைக் கேட்டு மகிழுங்கள். வீடு திரும்பியதும் பிள்ளையிடம், இந்தத் தவணையிற் சித்திர வகுப்பு எத்தனை நடந்தது, சங்கீத வகுப்பு எத்தனை நடந்தது என்றும் கேளுங்கள். கணக்குப் பாடம் எத்தனை நடந்தது என்று பெற்றோர் கேட்பதாலேயே அது தவறாமல் நடக்கிறது. மற்றப் பாடங்களையும் கேட்கத் தொடங்கினால் அவையும் நடக்கும்.